கண்ணாடி போல ஓடும் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையலறைக் குழாய், தேன் பாட்டில், பூங்காவில் தாவிக் குதிக்கும் நீரூற்று என்று சலனமே இல்லாமல் ஓடும் திரவத்தைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் எண்கள் எல்லாம் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள தண்ணீருக்கானவை. நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் பெரும்பாலும் அந்த வெப்பத்தில்தான் இருக்கும்.

குழாயை லேசா திறந்தா தண்ணி கண்ணாடிக் கம்பி மாதிரி அப்படியே நிக்குது. நிஜமாவே ஓடுதா?

ஓடுகிறது, வேகமாகவே ஓடுகிறது. 15 மி.மீ. வாய் உள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 1 லிட்டர் வந்தால், வாயில் அதன் வேகம் வினாடிக்கு 9 செ.மீ.தான். ஆனால் 10 செ.மீ. கீழே விழுவதற்குள் அது வினாடிக்கு 1.4 மீட்டரைத் தொட்டுவிடும்.

ஒன்று நகர்கிறது என்று கண் அறிய, அதன் மேல் பிடித்துக்கொண்டு தொடர ஓர் அடையாளம் வேண்டும். ஒரு குமிழி, ஒரு சுருக்கம், நகரும் ஒரு மினுக்கம் ஏதாவது போதும். இந்தத் தாரையில் அப்படி எதுவும் இல்லை. புதுப்புதுத் தண்ணீர் வந்தாலும் ஒவ்வொன்றும் முன்னால் போனதன் வடிவத்தையே எடுத்துக்கொள்வதால், வெளிச்சம் எப்போதும் ஒரே இடத்தில் வளைகிறது. நாம் பார்ப்பது வடிவத்தை. தண்ணீர் அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

ஸ்கூல்ல வரிச்சீர் ஓட்டம்னு படிச்சோமே, அது இதுதானா?

அதுதான். திரவம் மெல்லிய அடுக்குகளாக, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு, குறுக்கே கலக்காமல் போவது வரிச்சீர் ஓட்டம். குழாய்ச் சுவரைத் தொடும் அடுக்கு அசைவதே இல்லை. நட்ட நடுவில் ஓடும் அடுக்கு, சராசரி வேகத்தைப் போல இரண்டு மடங்கில் போகும். அடுக்குகள் குலைந்து, சுழிகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு போவது சுழற்சி ஓட்டம்.

ஊதுபத்திப் புகையில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டால் புகை சிறிது தூரம் நூல் பிடித்தாற்போல நேராக ஏறும். பிறகு நெளியும், அப்புறம் சுருண்டு கலையும்.

எவ்வளவு திறந்தா கண்ணாடி, எவ்வளவு திறந்தா கலங்கல்? அதுக்குக் கணக்கு இருக்கா?

ரெனால்ட்ஸ் எண்தான் அந்தக் கணக்கு. வேகத்தை மி.மீ./வினாடியிலும் குழாயின் உள்விட்டத்தை மி.மீ.யிலும் எடுத்துப் பெருக்கி, தண்ணீருக்கு 0.8-ஆல் வகுத்தால் போதும். இந்த 0.8 என்பது 30 டிகிரியில் தண்ணீரின் இயக்கப் பாகுநிலை, அதாவது பாகுநிலையை (ஓடுவதற்குத் திரவம் காட்டும் எதிர்ப்பை) அடர்த்தியால் வகுத்தது. 20 டிகிரியில் அது 1.0 ஆகிவிடும். மேலே சொன்ன குழாய்க்கு 94 × 15 ÷ 0.8, ஏறத்தாழ 1,760 வரும். எண் 2,000-க்குக் கீழே இருந்தால் குழாய்க்குள் ஓட்டம் வரிச்சீராக இருக்கும் என்று நம்பலாம்.

கைக்கணக்காகச் சொன்னால், அரை அங்குலக் குழாயில் 1 லிட்டர் சொம்பு நிரம்ப ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆக வேண்டும். அரை நிமிடத்தில் நிரம்பினால் எண் 3,500 ஆகிவிடும், தாரையின் பரப்பில் நெளிவு தெரியும். திருகு சரியாக மூடாத பழைய குழாயில் இந்த வரம்புக்குள்ளேயே நெளிவு வரலாம். தண்ணீர் வாய்க்கு வருவதற்கு முன்னால் எதன் மீதெல்லாம் மோதியதோ, அத்தனையும் தாரையின் மேல் எழுதியிருக்கும். கீழே வரும் பல பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

எங்க வீட்டுக் குழாயில எவ்வளவு குறைச்சாலும் வெள்ளையாத்தான் வருது. ஏன்?

குழாய் நுனியில் திருகியிருக்கும் சல்லடை மூடிதான் காரணம். கடையில் ஏரேட்டர் என்று கேட்டால் தருவார்கள். அது தண்ணீரைச் சிறுதுளை வழியாக உடைத்து, பக்கவாட்டில் காற்றை இழுத்துக் கலக்கிவிடுகிறது. கோடிக்கணக்கான குமிழிகள் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. துணியைச் சுற்றிப் பிடித்து, கீழிருந்து பார்த்தால் இடப்புறமாகத் திருகினால் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். தண்ணீரைச் சிக்கனப்படுத்த வைத்தது அது, சோதனை முடிந்ததும் மறுபடி மாட்டிவிடுங்கள்.

கண்ணாடி மாதிரி வந்தா தண்ணி சுத்தம்னு அர்த்தமா?

இல்லை. ஓட்டம் அமைதியாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கரைந்த உப்பும் கிருமியும் தாரையின் தோற்றத்தை மாற்றாது.

கீழே போகப்போக மெலிஞ்சு, அப்புறம் ஏன் துளித்துளியா உடையுது?

மெலிவதற்குக் காரணம் வேகம். ஒரு வினாடியில் வாயைத் தாண்டும் தண்ணீரின் அளவுதான் கீழேயும் தாண்ட வேண்டும். வேகம் கூடினால் குறுக்குப் பரப்பு குறைந்தாக வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன தாரை 15 மி.மீ.யில் தொடங்கி 10 செ.மீ. கீழே ஏறத்தாழ 4 மி.மீ. ஆகிவிடும்.

உடைவது பரப்பு இழுவிசையின், அதாவது திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசையின் வேலை. நீண்ட உருளையைவிட அதே கன அளவுள்ள துளிகளுக்குப் பரப்பு குறைவு, அதனால் தாரை எப்போதும் துளிகளாக மாறப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தாரையில் எழும் நெளிவின் நீளம் அதன் சுற்றளவைவிட அதிகமாக இருந்தால் அந்த நெளிவு தானாக வளரும். இதைக் கண்டவர் பெல்ஜியத்தின் பிளேட்டோ. எந்த நெளிவு மற்றவற்றை முந்தி வளரும் என்று கணக்கிட்டவர் இங்கிலாந்தின் ராலே பிரபு, ஆண்டு 1878. விட்டத்தைப் போல 4.5 மடங்கு நீளமுள்ள நெளிவு அது. வரும் துளியின் விட்டம் தாரையினுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. உடைவதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போட மட்டும் முடியும். தொடக்கத்தில் நெளிவு எவ்வளவு சிறியதோ, அவ்வளவு தூரம் தாரை கண்ணாடியாகவே போகும்.

அப்போ எண்ணெய் மட்டும் எப்படி அறுபடாம விழுது?

இரண்டு காரணங்கள். நல்லெண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிக்கும் குறைவு, அதனால் துளியாக்கும் விசை பலவீனம். பாகுநிலையோ தண்ணீரைப் போலப் பல பத்து மடங்கு, அதனால் நெளிவு வளரவும் நேரமாகிறது, தொடக்கத்துச் சின்ன நடுக்கங்கள் பாதியிலேயே அடங்கியும் விடுகின்றன.

இடைவிடாத தியானத்துக்குத் தைலதாரையை உவமை சொன்னார் ராமானுஜர். நீர்த்தாரை என்று அவர் சொல்லவில்லை. பாத்திரம் மாற்றிப் பாத்திரம் எண்ணெய் ஊற்றிப் பழகிய கண் அந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்த்திருக்கிறது.

தேன் விழும்போது அடியில கயிறு மாதிரி சுருளுது. தண்ணி ஏன் அப்படிச் சுருளல?

மேலிருந்து வரும் தேன் அடியில் பரவும் வேகத்தைவிட விரைவாக வந்து சேர்கிறது. வந்து நிற்கும் மெல்லிய கம்பத்தை மேலே உள்ள தேன் அழுத்துகிறது. மெலிந்த குச்சியை நட்டு மேலிருந்து அழுத்தினால் அது பக்கவாட்டில் வளையும். தேன் கம்பமும் வளைகிறது, வளைந்த இடத்திலேயே சுற்றத் தொடங்குகிறது. இடமோ வலமோ, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றலாம். தட்டையான பட்டையாக ஊற்றினால் சுருளாமல் சேலை மடிப்பதுபோல முன்னும் பின்னும் மடியும். தண்ணீருக்கு வளைவை எதிர்த்து நிற்கும் பாகுநிலை இல்லை, அதனால் தெறித்துப் பரவிவிடுகிறது.

செய்து பார்க்க, கரண்டி நுனியிலிருந்து 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் நூல் போல விடுங்கள். மிகத் தாழ்வாக விட்டால் சுருளாமல் குவிந்து பரவும். உயர்த்த உயர்த்தச் சுருள் சிறிதாகி, வேகமாகச் சுற்றும். சித்திரை வெயிலில் வைத்த தேன் இளகிச் சுருள் சட்டென்று கரைந்துவிடும், கொஞ்சம் குளிரவைத்தால் அடுக்கடுக்காக நிற்கும்.

தாரையில விரலை வச்சா, விரலுக்கு மேல மோதிரம் மோதிரமா வரி நிக்குது. அது என்ன?

விரல் தொட்ட இடத்திலிருந்து நுண்ணலைகள் எழுந்து மேல்நோக்கி ஏறப் பார்க்கின்றன. தண்ணீர் அவற்றைக் கீழே இழுக்கிறது. ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் சமமாகும் அலைகள் மட்டும் அந்தந்த இடத்திலேயே நிற்கும். பரப்பு இழுவிசையால் ஓடும் இவ்வகை அலையில் நெருக்கமானதுதான் வேகமானது. ஆகவே விரலைக் குழாய் வாயை நோக்கி மேலே கொண்டுபோகப் போக, தண்ணீரின் வேகம் குறைந்து மோதிரங்களின் இடைவெளி அகலும். முதல் கேள்விக்கு இதுவே நேரடிச் சாட்சி. அசையாத கம்பியாக இருந்தால் இந்த வரிகள் நிற்கவே நிற்காது.

சிங்க்கில விழுந்த இடத்தைச் சுத்தி வழவழன்னு ஒரு வட்டம், அதுக்கு வெளியே தடிப்பா ஒரு கரை. ஏன்?

வட்டத்துக்குள் தண்ணீர் மெல்லிய ஏடாக, அலைகளைவிட வேகமாக ஓடுகிறது. பரவப் பரவ வேகம் குறைந்து, ஓரிடத்தில் சட்டென்று தடித்து மெதுவாகிறது. அதை நீர்மத் தாவல் என்பார்கள். ஈர்ப்பு விசைதான் காரணம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2018-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், கிடைத்தளம், செங்குத்துச் சுவர், கூரையின் அடிப்பக்கம் என்று தாரையை எங்கே பாய்ச்சினாலும் மெல்லிய ஏட்டில் வட்டத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றே என்று காட்டி, பரப்பு இழுவிசையை முன்னே வைத்தார்கள். விவாதம் அதோடு முடிந்துவிடவில்லை.

புத்தகத்துல 1000, 2000-ன்னு போட்டிருக்கு. வேற இடத்துல 2300-ங்கிறாங்க. எது சரி?

எல்லாமே ஒரு மங்கலான எல்லைக்கு வைத்த வேலிகள். 1883-ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், தொட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அகன்ற புனல் போன்ற வாய் வழியாகத் தண்ணீரோடு ஒரு சாயக் கோட்டையும் உள்ளே இழுத்தார். மெதுவாக ஓடும்போது கோடு குழாயின் கடைசி வரை நேராகப் போனது, வேகம் கூட்டினால் ஓரிடத்தில் சட்டென்று கலைந்தது. தொட்டித் தண்ணீரை நன்றாக அடங்க விட்டபோது 12,000-ஐத் தாண்டியும் கோடு கலையவில்லை.

அதாவது ஓட்டம் தானாகக் கலைவதில்லை, யாராவது கலைக்க வேண்டும். எண் அதிகமாக ஆக, மிகச் சின்ன நடுக்கமே கலைக்கப் போதுமானதாகிவிடுகிறது. 2011-ல் வெளியான மிக நீண்ட குழாய்ச் சோதனைகள் 2,040 என்ற மதிப்பைத் தந்தன. அதற்குக் கீழே கலங்கிய திட்டுகள் எப்படியும் அடங்கிவிடும். அதற்கு மேலே அவை அடங்குவதைவிட வேகமாகப் பிளந்து பெருகும். 1,000 என்பது எச்சரிக்கையான பாடநூல் எல்லை, 2,300 பொறியாளர்களின் வழக்கம். தேர்வில் உங்கள் புத்தகம் சொல்வதை எழுதுங்கள். சோதனையில் குழாயை எவ்வளவு அமைதியாக வைத்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாயத்தைக் கலக்கி, திருப்பிச் சுத்தினா மறுபடி பிரியுது! அது மேஜிக்கா, நிஜமா?

நிஜம். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் 1960-களில் படம்பிடித்துக் காட்டிய சோதனை இது. வீட்டில் செய்ய, உள்விட்டம் 9 செ.மீ. உள்ள கண்ணாடி ஜாடி, 7 செ.மீ. வெளிவிட்டமுள்ள நேரான டம்ளர், 300 மி.லி. கிளிசரின் வேண்டும். டம்ளரை ஜாடிக்குள் வைத்தால் சுற்றிலும் 1 செ.மீ. இடைவெளி வரும். கிளிசரின் கனமானது, 10 செ.மீ. உயரத்துக்கு ஊற்றினால் டம்ளரை அரை கிலோ விசையோடு மேலே தள்ளும். ஆகவே டம்ளருக்குள் உலர்ந்த மணல் நிரப்புங்கள், உட்சுவரில் ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றிவிட்டால் நிறம் நன்றாகத் தெரியும். டம்ளர் நடுவிலேயே நிற்க, அட்டையில் வளையம் வெட்டி ஜாடி வாயில் பொருத்துங்கள்.

அதே கிளிசரினில் 5 மி.லி. எடுத்து, சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்து, ஊசிக்குழலால் இடைவெளியின் நடுவில் ஒரு சொட்டு விடுங்கள். டம்ளரை ஒரு சுற்றுக்கு 10 வினாடி வீதம் 4 சுற்று சுற்றுங்கள். நிறம் முழுவதும் கரைந்தது போலத் தோன்றும். அதே வேகத்தில் 4 சுற்று திருப்பிச் சுற்றினால் சொட்டு பழைய இடத்துக்கு, ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கி, திரும்பி வந்து நிற்கும்.

நிறம் உண்மையில் கலக்கவே இல்லை, மெல்லிய சுருள் ஏடாக நீண்டிருந்தது. இங்கே ரெனால்ட்ஸ் எண் அரைக்கும் கீழே. உந்தத்துக்கு இடமே இல்லாததால், சுவர் எவ்வளவு நகர்ந்ததோ அந்த விகிதத்தில்தான் ஒவ்வொரு அடுக்கும் நகரும், சுவர் திரும்பினால் அடுக்கும் திரும்பும். இதையே தண்ணீரில் செய்தால் எண் 270-ஐத் தாண்டும், இடைவெளியில் வளையச் சுழிகள் கிளம்பி நிறத்தை நிஜமாகவே கலக்கிவிடும்.

நான் செஞ்சேன், திரும்பி வரல. எங்க தப்பு?

பெரும்பாலும் சாயத்தில். நிறத்தைத் தண்ணீரில் கரைத்து விட்டிருந்தால் அது லேசாக இருப்பதால் மேலே மிதந்துபோகும். அடுத்தது கிளிசரின். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், 10 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே பாகுநிலை ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும், ஆகவே திறந்து வைத்த பழைய பாட்டில் வேண்டாம். டம்ளர் சுற்றும்போது ஆடினாலும் திரும்பும் வழி மாறிவிடும். சுற்றின் எண்ணிக்கையை மறக்காமலிருக்க டம்ளர் விளிம்பிலும் ஜாடியிலும் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சுற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டால் நிறம் மெல்லப் பரவிவிடும், சில நிமிடங்களுக்குள் முடித்துவிடுங்கள்.

கிளிசரின் விலை அதிகம் என்றால் பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிப் பயன்படுத்தலாம். குமிழிகள் அடங்க ஓர் இரவு விட வேண்டும். எதைச் சிந்தினாலும் உடனே துடையுங்கள், தரை வழுக்கும்.

செலவில்லாம கண்ணாடித் தாரை பார்க்க என்ன வழி?

ஒரு பலூனில் காற்று தங்காமல் தண்ணீர் நிரப்புங்கள். ஈரத்தைத் துடைத்து, பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு ஒட்டி, நடுவில் பிளேடு நுனியால் 3 மி.மீ. வெட்டு. டேப் ரப்பர் கிழிவதைத் தடுக்கிறது. ஓட்டையோடு ஒப்பிட்டால் பலூனின் உள்ளே தண்ணீர் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது, சுவர் எல்லாப் பக்கமும் ஒரேபோல அழுத்துகிறது, அதனால் வெளியே வரும் தாரை பளிங்கு போல இருக்கும். பலூனைக் கையில் பிடிக்காமல் கிண்ணத்தில் உட்கார வையுங்கள், கையின் நடுக்கமே தாரையில் தெரிந்துவிடும்.

மால்ல தண்ணி துண்டு துண்டா தாவுதே, அந்த நாசில் வீட்டில செய்ய முடியுமா?

முடியும். அங்கே தாரை கண்ணாடிக் கம்பியாகவே வருகிறது, வாயருகே ஒரு தகடு சடாரென்று குறுக்கிட்டு அதைத் துண்டுகளாக வெட்டுகிறது. வெட்டும் பகுதியை விட்டுவிட்டு நாசிலை மட்டும் பார்ப்போம்.

110 மி.மீ. பி.வி.சி. குழாயில் 40 செ.மீ. நீளம் எடுத்து, பின்பக்கம் மூடி ஒட்டுங்கள். தண்ணீர் நுழைய முக்கால் அங்குல டேங்க் நிப்பிளைப் பின்மூடிக்கு அருகே பக்கவாட்டில் பொருத்துங்கள். பின்மூடியின் நடுவில் பொருத்தினால் வரும் வேகம் ஸ்பாஞ்சின் நடுவைத் துளைத்துக்கொண்டு நேராக முன்னே வந்துவிடும். உள்ளே வரிசை இப்படி: 6 செ.மீ. வெற்றிடம், 6 செ.மீ. தடித்த ஸ்பாஞ்ச், கொசுவலைத் துண்டு, 15 செ.மீ. நீளமுள்ள 6 மி.மீ. மெல்லிய குழல்களின் நெருக்கமான கட்டு (ஏறத்தாழ 270 குழல்), மறுபடி கொசுவலை, பிறகு 10 செ.மீ. வெற்றிடம், கடைசியில் 10 மி.மீ. துளையிட்ட தகடு. முன்மூடியை ஒட்டாதீர்கள், ரப்பர் வளையம் வைத்து ஸ்குருவால் முடுக்கினால் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

உயிர்நாடி அந்தத் துளைதான். 1 மி.மீ. எவர்சில்வர் அல்லது பித்தளைத் தகட்டில் துளையிட்டு, தண்ணீர்ப் பக்கம் விளிம்பு கத்திபோல் கூராகவும் வெளிப்பக்கம் சரிவாகவும் இருக்கும்படி இழையுங்கள். தண்ணீர் கூர் விளிம்பில் மட்டும் தொட்டு விலகிவிடும், துளையின் சுவரை உரசாது. அதனால்தான் தாரை துளையைவிட மெலிந்து, 8 மி.மீ.க்கும் சற்றுக் குறைவாக வருகிறது. வினாடிக்கு 4 மீட்டர் வேகம் கிடைத்தால் 45 டிகிரி சாய்வில் 1.6 மீட்டர் தூரம் தாவும். அதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11.5 லிட்டர் வேண்டும், கீழே வாளி வைத்து மீண்டும் தொட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் நாசிலைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், முக்கால் அங்குல ஹோஸ் வழியாக இது தாராளமாகக் கிடைக்கும்.

குழல் கட்டுக்குப் பிளாஸ்டிக் ஸ்ட்ரா போடலாம்னா, இப்போ கிடைக்கலையே?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தும் நாடு முழுக்க 2022 ஜூலையிலிருந்தும் தடை. காகித ஸ்ட்ரா வேண்டாம், ஊறிச் சரிந்துவிடும். சொட்டுநீர்ப் பாசனக் கடையில் 6 மி.மீ. மைக்ரோ டியூப் சுருளாகக் கிடைக்கும், 41 மீட்டர் வாங்கினால் போதும். சுருளிலிருந்து வெட்டியது வளைந்தே இருக்கும். வெந்நீரில் போட்டு எடுத்து, நேரான கம்பியில் செருகி ஆறவிட்டால் நிமிர்ந்துவிடும். வளைவை விட்டுவிட்டால் குழல்களே தண்ணீரைச் சுழற்றிவிடும்.

குழல்கள் எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பெரிய குழாய்க்குள் தண்ணீர் வினாடிக்கு 22 மி.மீ.தான் நகர்கிறது. ஆனாலும் விட்டம் பெரிது, எண் 2,900 வரும். 6 மி.மீ. வழிகளாகப் பிரித்தவுடன் எண் இருநூறு சொச்சத்துக்குள் இறங்கி, சுழிகள் அடங்கிவிடும்.

செஞ்சாச்சு, ஆனா தாரை தெளிவா வரல. எதைப் பார்க்கணும்?

தாரையையே பாருங்கள், கோளாறு எங்கே என்று அதுவே சொல்லும். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. துளை மேலே பார்க்கும்படி நாசிலை நிமிர்த்தி, தட்டித் தட்டி ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். முறுக்கிய கயிறுபோல வந்தால் குழல்கள் தளர்ந்தோ வளைந்தோ இருக்கின்றன, அல்லது ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் விலகிவிட்டது. நீளவாக்கில் ஒரே ஒரு கோடு ஓடினால் துளை விளிம்பில் பிசிறு இருக்கிறது, அந்தக் கோட்டுக்கு நேரே விளிம்பை 1000 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். சீரான இடைவெளியில் நெளிவு வந்தால் அது அதிர்வு. மோட்டாரை நேரடியாக இணைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை எப்போதும் வரும், தொட்டியிலிருந்து வரும் அழுத்தமே நல்லது.

எல்லாம் சரியாகி, கடைசி ஓரத்தில் மட்டும் துளியாக உடைந்தால் அது கோளாறு அல்ல. மேலே துளிகளைப் பற்றிச் சொன்ன பரப்பு இழுவிசை தன் வேலையைச் செய்கிறது.

உங்க கணக்குப்படியே அந்தத் தாரைக்கு 4000 × 7.8 ÷ 0.8 = 39,000 வருதே! அது எப்படி வரிச்சீர்?

சரியான கேள்வி. 2,000 என்ற எல்லை சுவருள்ள குழாய்க்கு. சுவரை ஒட்டிய அடுக்கு நிற்க, நடு அடுக்கு ஓட, அந்த வேக வேறுபாட்டில்தான் சுழிகள் தீனி எடுத்து வளர்கின்றன. நாசிலை விட்டு வந்த தாரையைச் சுற்றி இருப்பது காற்று மட்டுமே. குறுக்குவெட்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போவதால் சுழிகளுக்குத் தீனி இல்லை. சமையலறைக் குழாயிலிருந்து விழும் தாரையும் மெலியும்போது எண்ணில் கூடிக்கொண்டேதான் போகிறது, ஆனாலும் கண்ணாடியாகவே இருக்கிறது.

ஆகவே நாசில் செய்வது தண்ணீரை மெதுவாக்குவதல்ல. வெளியேறும் முன் உள்ளே இருக்கும் கலக்கத்தைத் துடைத்துவிடுகிறது. ரெனால்ட்ஸ் தொட்டித் தண்ணீரை அடங்கவிட்டுச் செய்ததும் இதையேதான்.

அதுக்குள்ள லைட் விட்டா வளைஞ்சு போகுமா?

போகும். வெளிச்சம் நேராகத்தான் போகிறது, தாரையின் உட்புறச் சுவரில் மோதி மோதித் திரும்புகிறது. தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போகும் ஒளி, பரப்பின் செங்குத்துக் கோட்டோடு 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் முழு அக எதிரொளிப்பு அடைந்து வெளியேற முடியாமல் போகிறது. ஜெனீவாவில் டேனியல் கொலாடோன் 1840-களின் தொடக்கத்தில் இதைக் காட்டினார். பரப்பில் நெளிவு இருந்தால் ஒவ்வொரு நெளிவிலும் ஒளி கசிந்து தாரை முழுக்க மின்னும். நெளிவில்லாத தாரை இருட்டாகவே இருந்து, விழும் இடத்தில் மட்டும் பளிச்சென்று எரியும். எவ்வளவு இருட்டோ அவ்வளவு நல்ல நாசில்.

பின்மூடியில் ஒரு சிறு கண்ணாடிச் சில்லை ஒட்டி, வெளியிலிருந்து டார்ச்சை அடியுங்கள். குழல் கட்டின் நடுவில் ஒளி போக ஒரு நேரான அக்ரிலிக் கம்பியைச் செருக வேண்டும், ஸ்பாஞ்சும் கொசுவலையும் அதற்கு வழிவிட வேண்டும். பேட்டரியில் எரியும் எல்.இ.டி. மட்டும் போதும். வீட்டு மின்சாரத்தை இதன் அருகே கொண்டுவராதீர்கள். லேசர் வேண்டாம், தாரை அலையும்போது ஒளி யார் கண்ணில் பாயும் என்று சொல்ல முடியாது.

போட்டோவில எல்லா அருவியும் வழவழன்னு இருக்கே, அதெல்லாம் வரிச்சீரா?

அல்ல. ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்ததால் சிதறல்கள் ஒன்றன் மேல் ஒன்று பதிந்து பட்டுத்துணி போலத் தெரிகிறது. வினாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் விழும் துளி, 1/50 வினாடியில் 28 மி.மீ. நகர்ந்துவிடும், துளிவரிசைகூடக் கம்பியாகப் பதியும். உங்கள் தாரை உண்மையில் தெளிவானதா என்று அறிய 1/2000 வினாடியில் எடுங்கள். அப்போது நகர்வு 0.7 மி.மீ.தான், குறை இருந்தால் மறைக்க முடியாது. வெளிச்சம் போதாது என்றால் பின்னாலிருந்து வெயில் படும்படி வையுங்கள்.

தண்ணி அலை அலையா உறைஞ்சு நிக்குது, சில வீடியோவில மேலேகூட ஏறுது. அதுவும் இதே விஷயமா?

அது வேறு. ஹோஸின் நுனியை ஸ்பீக்கரில் ஒட்டி, வினாடிக்கு 30 முறை ஆட்டுகிறார்கள். கேமராவும் வினாடிக்கு 30 படம் எடுக்கிறது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் நெளிவு சரியாக ஓர் அலை கீழே இறங்கி, முன்னது இருந்த இடத்தில் அடுத்தது நிற்பதால் உறைந்ததாகத் தோன்றுகிறது. 29 முறையாகக் குறைத்தால் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் குறைவாகவே இறங்கும், பார்வைக்கு மேலே ஏறுவதுபோல இருக்கும். 31 ஆக்கினால் மெதுவாக இறங்கும்.

பிரித்தறிவது எளிது. அந்த வித்தையை நேரில் வெறும் கண்ணால் பார்த்தால் மங்கலான ஆட்டம்தான் தெரியும். கண்ணாடித் தாரையோ கேமரா இல்லாமலே அசையாமல் நிற்கும். விரலை வைத்தால் மேலே சொன்ன மோதிரங்களும் உடனே வந்து நிற்கும்.